டைமர் கிளாடிஸ்

கிளாடிஸிடம் பொருளுக்கு அடையாளம் கேட்டு வருகிறவர்கள் முதலில் வாங்கிக் கட்டிக்கொள்வது ஏச்சுதான். பொருளைப் பளபளவென்று தேய்த்துக்கொண்டு வந்திருந்தால் அந்த ஏச்சு சாந்தோம் ஹைரோடு வரைக்கும் கேட்கும். போன மாதம் அடையாறிலிருந்து ஒரு டாக்டர் வந்தார். தன்னுடைய நூறு வயதுக் காரின் டைமரை வெல்வெட் துணியில் சுற்றிக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். புளி போட்டுத் தேய்த்து, போதாததற்கு அதன்மேல் பாலிஷும் போட்டிருந்தார்.

"யாரு சார் உங்களத் தேய்க்கச் சொன்னது? இன்னா, இதுல ரசம் வெக்கப் போறீங்களா?"

"ரொம்ப அழுக்கா இருந்துதும்மா..."

"அந்த அழுக்குதான் சார் இதோட பேரு, ஊரு, அட்ரஸ் எல்லாம். உள்ள உருளை ஓடின தடம், எண்ணெய் படிஞ்ச கறை, பொறி கருக்குன இடம், எல்லாத்தையும் வழிச்சுக் கொட்டிட்டு இது இன்னாதுன்னு கேட்டா, நான் இன்னா கிளி ஜோசியமா பாக்கறேன்?"

டாக்டர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவள் ஓர் ஊசியை மெழுகுவத்தியில் காய்ச்சி, டைமரில் பதித்திருந்த சின்ன வளையத்தைத் தொட்டு முகர்ந்து பார்த்தாள். காகிதம் கருகுகிற வாடை. அப்படியென்றால் ஃபைபர். ரப்பர் வாடை அடித்தால் வேறு காலம், ஆஸ்பத்திரி லோஷன் வாடை அடித்தால் இன்னும் பிந்திய காலம். அரை மணி நேரத்தில் இன்ன நாடு, இன்ன வருஷம் என்று எழுதிக் கொடுத்து, இனிமேல் தேய்த்தால் வாசல் பக்கமே வரக்கூடாது என்று சொல்லி அனுப்பினாள்.

டைமர் என்றால் கடிகாரம் என்று நினைக்க வேண்டாம். மிகப் பழைய கார்களின் இன்ஜினுக்கு முன்னால் வட்டமாக ஒரு கிண்ணம் இருக்கும். உள்ளே ஓர் உருளை சுற்றும். கிண்ணத்தில் நான்கு இடங்களில் ஸ்க்ரூ. உருளை எந்த ஸ்க்ரூவைத் தொடுகிறதோ அதற்குரிய சிலிண்டரில் பொறி விழும். ஸ்க்ரூவிலிருந்து மின்சாரம் கிண்ணத்துக்குக் கசிந்துவிடாமல் இருக்க ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு வளையம். அவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்தக் காலத்தில் ஆளாளுக்கு இஷ்டப்படி ஒன்றைச் செய்து விற்றுவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பாதிக்கு மேல் பெயரே கிடையாது. அப்படிப்பட்ட ஒன்று கையில் சிக்கி விழிக்கிற பணக்காரர்களுக்கு, சென்னையில் கார் கிளப்காரர்கள் எல்லாரும் ஒரே தெருவைத்தான் கைகாட்டுவார்கள். சாந்தோம் சர்ச்சுக்குப் பின்னால், மூன்றாவது குறுக்குத் தெரு, டைமர் கிளாடிஸ் வீடு எது என்று கேளுங்கள், யாரும் சொல்வார்கள்.

யாரும் சொல்வார்கள் என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதை மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடத்தில் வைத்த பெயர் அது. எதிர்வீட்டுக் கருணாகரன்தான் முதலில் கூப்பிட்டான். அன்றைக்கு அதற்குத் திருடன் மகள் என்று அர்த்தம்.

அவளுடைய அப்பா ஃபிரெட்ரிக், ராஜா அண்ணாமலைபுரத்தில் கஸ்தூரிரங்கன் என்பவர் வீட்டில் டிரைவராக இருந்தார். அந்த வீட்டில் ஓட்டுவதற்கு ஓர் அம்பாசிடர், ஊருக்குக் காட்டுவதற்கு ஒரு பழங்காலத்துக் கார். பழைய காரின் டைமர் ஒரு தினுசானது. மற்றதில் எல்லாம் ஸ்க்ரூ பக்கவாட்டில் இருக்கும், இதில் நான்கும் தலையில் இருக்கும். அதன் வளையங்கள் விண்டுபோனபோது மெட்ராஸ் முழுக்க அலைந்தும் கிடைக்கவில்லை. ஃபிரெட்ரிக் வீட்டுக்கு வந்து, மனைவி ஜொவிட்டாவின் எருமைக் கொம்புச் சீப்பை எடுத்து, அதன் தடித்த முதுகிலிருந்து நான்கு வளையம் அறுத்து, அரத்தால் ராவிப் பொருத்திவிட்டார். வட்டமும் புள்ளியுமாகப் பூ வேலை செய்த கல்யாணச் சீப்பு. ஜொவிட்டா ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. முதலாளி வண்டி ஓடவேண்டும் என்பதற்காகப் பெண்டாட்டி சீப்பை அறுத்த மனிதனைத்தான் பிறகு திருடன் என்றார்கள்.

1974, ஆயுத பூஜை. வண்டியைக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைப்பது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். அந்த வீட்டில் கூடுதலாக ஒரு வழக்கம் இருந்தது. பழைய காரின் டைமரைக் கழற்றித் துடைத்து, ஸ்பேனர், திருப்புளியோடு ஒரு தாம்பாளத்தில் வைத்து உள்ளே கொடுத்துவிட வேண்டும். சரஸ்வதி படத்துக்கு முன்னால் புத்தகங்களோடு அதுவும் இருக்கும். மறுநாள் விஜயதசமி அன்று தாம்பாளம் திரும்பி வரும். ஃபிரெட்ரிக் பின்கட்டு வாசற்படியில் நின்று கொடுத்து, அங்கேயே நின்று வாங்கிக்கொள்வார். படியைத் தாண்டி அவர் போகக் கூடாது.

அந்த வருஷமும் தாம்பாளம் திரும்பி வந்தது. ஸ்பேனர் இருந்தது, திருப்புளி இருந்தது, டைமரைக் காணோம். அன்றைக்கென்று பார்த்து, காரை வாங்குவதற்குப் பம்பாயிலிருந்து ஆள் வந்து ஹாலில் உட்கார்ந்திருந்தான். "உள்ளதான்யா இருக்குது, நான் பூஜைக்குக் குடுத்தேன், ஒரே ஒரு தடவ உள்ள வந்து பாக்கட்டுமா?" என்று ஃபிரெட்ரிக் கேட்டார். அந்தக் கேள்விதான் வினையாகப் போயிற்று. பூஜையறைக்குள் வரவேண்டுமாமே டிரைவருக்கு! முதலாளி கஸ்தூரிரங்கன் போலீசுக்கு ஆள் அனுப்பினார். சட்டைப் பையைச் சோதித்தார்கள். துடைக்கும்போது தொலைந்துவிடக் கூடாதென்று பத்திரப்படுத்திய நான்கு ஸ்க்ரூவும் அதில் இருந்தன. வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

இரண்டு நாள் ஸ்டேஷனில் வைத்து அடித்து விட்டுவிட்டார்கள். வழக்குப் போடவில்லை. வழக்கே இல்லாததால் விடுதலையும் இல்லை.  கோர்ட்டில் நிறுத்தியிருந்தாலாவது ஒரு நீதிபதி வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்திருக்கும். பங்குத் திருவிழாவில் வருஷா வருஷம் மாதா சுரூபத்தைத் தோளில் சுமந்த மனிதரை அப்புறம் யாரும் கூப்பிடவில்லை. சாவியை நம்பிக் கொடுக்க முடியாத டிரைவருக்கு எவன் வேலை கொடுப்பான்? திருவல்லிக்கேணியில் ஒரு சைக்கிள் கடையில் உட்கார்ந்து பதினாறு வருஷம் பஞ்சர் ஒட்டி, 1991-இல் செத்துப்போனார். கிளாடிஸுக்கு நிச்சயமான வரன் ஒன்றும் இந்தக் கதை காதில் விழுந்து கலைந்தது. அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சையே யாரையும் எடுக்கவிடவில்லை.

பத்தொன்பது வயதில் சிந்தாதிரிப்பேட்டையில் மெஹபூப் பாஷாவின் பழைய சாமான் கடையில் கவுண்ட்டரில் வேலைக்குச் சேர்ந்தாள். பெண்பிள்ளைக்கு இதில் என்ன வேலை என்று அவரே கேட்டார். அவளுக்கு ஒரே கணக்குத்தான். அந்த வீட்டில் எவனோ டைமரை எடுத்து விற்றிருக்கிறான். விற்ற சாமான் என்றைக்காவது இந்தக் கடைகளுக்குத்தான் வந்து சேரும். வரட்டும். வருகிற ஒவ்வொரு டைமரையும் புரட்டி, தலையில் ஸ்க்ரூ இருக்கிறதா, கொம்பு வளையம் இருக்கிறதா என்று பார்த்தாள். நாற்பத்து மூன்று வருஷம் பார்த்தாள். தேடிய ஒன்று மட்டும் வரவில்லை, மற்ற எல்லா டைமரும் அவளுக்கு மனப்பாடம் ஆகிவிட்டன. ஊர் அவளை நிபுணர் என்றது. வசவாக வைத்த பெயரையே மரியாதையாகக் கூப்பிட்டது. கூப்பிடும்போதெல்லாம் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாள்.

போன டிசம்பர் கடைசியில் ஒரு நாள் காலை, சாய்நாத் என்று ஒருவன் வந்தான். நாற்பது வயதிருக்கும், கம்ப்யூட்டர் வேலை, பதமான பேச்சு.

"மேடம், எங்காத்துக் கார் ஒண்ணு அம்பது வருஷமா ஷெட்லயே கெடந்துது. இன்ஜின் ரெடி பண்ணிட்டேன். டைமர்தான் இல்ல. பொங்கலுக்கு அடுத்த வாரம் ரேலி. உள்ள இருந்த உருளை மட்டும் இருக்கு, பாருங்கோ."

நல்லவேளை, உருளையை அவன் தேய்த்திருக்கவில்லை. கறுப்பாகப் பிசுக்கேறி இருந்தது. கிளாடிஸ் வெளிச்சத்தில் திருப்பினாள். தேய்மானம் பக்கவாட்டில் இல்லை, மேல் முகத்தில் இருந்தது. அவள் கை அப்படியே நின்றது.

"ஒரிஜினல் இன்னாச்சு?"

"அப்ப இருந்த டிரைவர் ஒருத்தன் திருடி வித்துட்டானாம். குடிகாரனாம். அப்பா சொல்லுவா."

ஃபிரெட்ரிக் திருப்பலியில் கூடத் திராட்சை ரசத்தைத் தொட்டவரில்லை. வேறு நாளாக இருந்தால் மேஜையில் இருந்த சுத்தியல் பறந்திருக்கும். கிளாடிஸ் உருளையைப் பத்திரமாக டப்பாவில் வைத்து மூடினாள்.

"உங்க அப்பா இருக்காரா?"

"இருக்கார். எழுபத்தொம்பது ஆறது."

"வண்டிய நேர்ல பாக்காம ஒண்ணும் சொல்ல முடியாது. வெள்ளிக்கெழம வர்றேன்."

வண்டியைப் பார்க்க அவள் போகவில்லை. எங்கப்பா எடுக்கல என்று அந்த மனிதரின் முகத்துக்கு நேராக ஒரு தடவை சொல்லிவிட்டு வரவேண்டும், அவ்வளவுதான். அத்தாட்சி ஒன்றும் கையில் கிடையாது. கோபம் ஒன்றுதான் இருந்தது.

வெள்ளிக்கிழமை முன்வாசல் வழியாகவே உள்ளே போனாள். ஹாலில் பிரம்பு நாற்காலியில் கஸ்தூரிரங்கன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி சூடாமணி, நெற்றியில் ஸ்ரீசூர்ணத்தோடு வந்து, "வாங்கோ, உக்காருங்கோ. காபி கலக்கட்டுமா?" என்றாள். கிளாடிஸ் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். மூக்கில் ஏதோ ஏறியது.

ஹாலை ஒட்டிப் பூஜையறை. கதவு திறந்திருந்தது. மல்லிகை ஊதுபத்தி மணம். அந்த மணத்துக்கு அடியில், மெலிசாக, தலைமயிர் கருகுகிற வாடை. கொம்பு கருகினாலும் அதே வாடைதான். அந்த வீட்டில் இருப்பவர்களுக்குப் பழகிப்போயிருக்கும். ஆயிரம் வளையங்களில் ஊசி வைத்து முகர்ந்த மூக்கு அதை விடுமா?

எழுந்து நேராகப் பூஜையறைக்குள் போனாள். "மேடம், அங்க..." என்று சாய்நாத் பின்னால் வந்தான். பெருமாள் படத்துக்கு முன்னால், பித்தளையில் ஓர் ஊதுபத்தி ஸ்டாண்டு கவிழ்ந்து உட்கார்ந்திருந்தது. தலையில் நான்கு ஓட்டை, நான்கு ஊதுபத்தி. ஒன்று அடிவரைக்கும் எரிந்து ஓட்டையின் விளிம்பைக் கருக்கிக்கொண்டிருந்தது. வாராவாரம் புளி போட்டுத் தேய்த்ததில் பித்தளை கண்ணாடியாக மின்னியது. ஊதுபத்திகளை எடுத்துத் தட்டில் வைத்துவிட்டு அதைத் தூக்கிப் புரட்டினாள். நான்கு கறுப்பு வளையங்கள். ஒன்றில் பாதி வட்டமும் ஒரு புள்ளியும்.

நாற்பத்து மூன்று வருஷம் ஊரெல்லாம் தேடிய சாமான், அப்பா கொண்டுபோய்க் கொடுத்த இடத்தை விட்டு நகரவே இல்லை. உள்ளேதான் இருக்கிறது என்று அவர் சொன்னாரே!

அதைக் கையில் பிடித்தபடியே ஹாலுக்கு வந்தாள்.

"யாரும்மா நீ? பூஜா சாமானைத் தொட உன்னை யாரு சொன்னா?" என்றார் கஸ்தூரிரங்கன்.

"ஃபிரெட்ரிக் பொண்ணு."

பேப்பர் மடியில் இறங்கியது. கிளாடிஸ் ஊதுபத்தி ஏற்றுகிற தீப்பெட்டியை எடுத்து உரசி, புடவைத் தலைப்பில் இருந்த பின்னைக் காய்ச்சி, வளையத்தில் வைத்து அவர் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"மோந்து பாருங்க. எருமைக் கொம்பு. எங்கம்மா தல வார்ன சீப்பு. உங்க வண்டி ஓடணும்னு எங்கப்பா அறுத்துப் போட்டது. அம்பது வருஷமா உங்க பெருமாளுக்கு இதுலதான் ஊதுபத்தி காட்டிக்கினு கீறீங்க, அவரு ஒண்ணும் கோச்சுக்கல. எங்கப்பா உள்ள வந்து ஒரு தடவ பாக்கட்டுமான்னு கேட்டதுக்குத்தான் எல்லாம் கெட்டுப் போச்சு!"

"யாரோ தெரியாம வெச்சிருப்பா. ஆச்சு, அம்பது வருஷம். இப்ப அதைக் கிளறி என்ன ஆகப்போறது?"

"என் கையிலதான் குடுத்தார்."

சொன்னது சூடாமணி. சமையலறை நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கல்யாணமாகி ரெண்டு மாசம். தாம்பாளத்தை என் கையிலதான் குடுத்தார். எனக்கு அது என்னன்னே தெரியாது. பித்தளையா, நாலு ஓட்டையோட இருந்துதேன்னு, ஊதுபத்தி ஸ்டாண்டுன்னு நெனச்சு மறுநாள் பூஜைப் பாத்திரத்தோட சேத்துத் தேய்ச்சு வெச்சுட்டேன். அவரை அடிச்சு இழுத்துண்டு போனப்பவும் எனக்குப் புரியலை. ரெண்டு வருஷம் கழிச்சு ஆல்பத்துல காரோட படத்தைப் பாக்கறச்சேதான் புரிஞ்சுது. அன்னிக்கே இவர்கிட்ட சொல்லிட்டேன்."

"சூடா, நீ உள்ள போ" என்றார் கஸ்தூரிரங்கன்.

"இவரு இன்னா சொன்னாரு?" என்றாள் கிளாடிஸ்.

"வெளில சொன்னா நம்மாத்துக்குத்தான் அசிங்கம், இருக்கற எடத்துலயே இருக்கட்டும்னார்."

 கிளாடிஸ் கணக்குப் பார்த்தாள். 1976. அப்பா செத்தது 1991. பதினைந்து வருஷம். தெரியாமல் செய்த பிழை என்றால் அது வேறு, அதைக்கூட ஒரு நாள் அவள் விட்டுக்கொடுத்திருப்பாள். இந்த மனிதருக்குத் தெரியும். இங்கிருந்து ஒரு பஸ் தூரத்தில் ஒரு மனிதர் திருடன் என்ற பெயரோடு பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார் என்று தெரியும். தெரிந்துகொண்டே தினமும் அந்தப் புகைக்கு முன்னால் நின்று கைகூப்பியிருக்கிறார். மகனுக்குக் குடிகாரன் கதை வேறு.

"த்தூ!" என்றாள்.  அப்புறம் டைமரைத் தன் பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"இத நான் எடுத்துக்கினு போறேன். ஃபிரெட்ரிக் பொண்ணு திருடிட்டான்னு போலீஸ்ல கம்ப்ளைன்ட் எழுதிக் குடுங்க. இந்தத் தடவ நெசமாவே திருடுதான். ஆனா இன்னா சாமான், யாரு குடுத்தது, எங்க இருந்துச்சு, உங்களுக்கு எப்பலேர்ந்து தெரியும், எல்லாத்தையும் எழுதணும். எழுதுங்க. வீட்லயேதான் இருப்பேன்."

மூன்றாம் நாள் சாய்நாத் வந்தான். முகம் வாடியிருந்தது. கம்ப்யூட்டரில் அடித்த காகிதம் ஒன்றை நீட்டினான். கவனக்குறைவால் நேர்ந்த தவறு, வருந்துகிறோம், குடும்பத்தார். கிளாடிஸ் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"குடும்பத்தார்னு யாரும் எங்கப்பாவ அடிக்க ஆள் அனுப்பல. டைமர் வேணும்னா உங்கப்பா கையெழுத்துல வேணும். அப்புறம் அவருக்குத் தெரிஞ்சுதே, அது எங்க இதுல?"

"வயசானவர் மேடம். அம்மா மூணு நாளா அவரோட பேசறதில்ல. கை வேற நடுங்கறது..."

"நடுங்கட்டும். நடுங்கின கையெழுத்து எனக்குப் படிக்க வரும்."

எட்டு நாள் ஆயிற்று. ரேலிக்கு இன்னும் பத்து நாள்தான். அவன் மறுபடி வந்தபோது கையில் கோடு போட்ட தாள் இருந்தது. எழுத்துகள் மேலும் கீழுமாக ஆடின. ஃபிரெட்ரிக் 1974 ஆயுத பூஜையன்று டைமரை என் மனைவியிடம் ஒப்படைத்தார். அது என் வீட்டுப் பூஜையறையிலேயே இருந்தது. அவர் திருடவில்லை. 1976-இல் எனக்கு இது தெரியவந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை. அடியில் முழுப் பெயரும் கையெழுத்தும்.

கிளாடிஸ் நின்றபடியே மூன்று தடவை படித்தாள். கண் கலங்கியது, அதுவும் ஆத்திரத்தில்தான். ஐந்து வரி. இந்த ஐந்து வரியை எழுதப் பத்து நிமிஷம் ஆகியிருக்குமா? அப்பா உயிரோடு இருக்கும்போது ஒரு போஸ்ட் கார்டில் எழுதிப் போட்டிருக்கலாமே!

"சாயங்காலம் வந்து வாங்கிக்கோ" என்று அவனை அனுப்பிவிட்டு, சர்ச் எதிரில் உள்ள கடையில் ஏழு ஜெராக்ஸ் எடுத்தாள். அந்தக் காலத்திலிருந்து தெருவில் இருக்கிற வீடுகள் ஏழு. ஒவ்வொரு கதவாகத் தட்டி ஒவ்வொன்றைக் கையில் கொடுத்தாள். கடைசியாக எதிர்வீடு. ரிட்டயராகி, முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு கருணாகரன் வெளியே வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "கிளாடிஸு, நான் அப்ப சின்னப் பையன்..." என்று ஆரம்பித்தார். அவர் முடிப்பதற்குள் அவள் தெருவைக் கடந்துவிட்டாள்.

சாயங்காலம் சாய்நாத் வந்தபோது டைமர் மேஜைமேல் இருந்தது. பக்கத்தில் பாதி முதுகு போன ஒரு கொம்புச் சீப்பு. கிளாடிஸ் ஒரு மரக்குச்சியை ஓட்டைக்குள் வைத்துச் சுத்தியலால் மெதுவாகத் தட்டினாள். வளையம் ஒன்று உதிர்ந்து விழுந்தது. பிறகு இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. நான்கையும் சீப்போடு சேர்த்து ஒரு கைக்குட்டையில் முடிந்துகொண்டு, வெறும் பித்தளைக் கிண்ணத்தை அவன் பக்கமாகத் தள்ளினாள்.

"மேடம், வளையம் இல்லாம வண்டி ஸ்டார்ட்டே ஆகாதே?"

"ஆகாது. ஃபைபர் ஷீட் வாங்கி அறுத்துப் போட்டுக்கோ, எங்கப்பா மாரி ராத்திரியெல்லாம் உக்காந்து ராவு. பித்தள உங்களுது, எடுத்துக்கினு போ. இது எங்கம்மா சீப்பு."